ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு

கிகுனோவின் வலது கையில் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை கிடையாது. இருபது வருஷமாகச் சூட்டோடு சூடாக பிஸ்கெட்டை மடித்து மடித்து அவை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. வெந்த மாவு அச்சிலிருந்து வெளியே வந்தால் நாலு எண்ணுவதற்குள் இறுகிவிடும். அதற்குள் நடுவில் வாசகம் அச்சடித்த சின்னச் சீட்டை வைத்து, பாதியாக மடித்து, கிண்ணத்தின் விளிம்பில் அழுத்தி வளைத்தாக வேண்டும். ஐந்து எண்ணினால் உடைந்துவிடும். கையுறை போட்டால் மடிப்பு சரியாக வராது என்று அவள் வெறுங்கையாலேயே செய்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில், பதினெட்டு வயதில், மாப்பிள்ளையின் புகைப்படத்தை நம்பி ஜப்பானிலிருந்து கப்பலேறியவள் அவள். சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் இறங்கிப் பார்த்தால் படத்தில் இருந்தவனைவிடப் பத்து வயது கூடின ஒருவர் கையில் தொப்பியோடு நின்றிருந்தார். அவர்தான் தெய்கிச்சி இவாசே. "படம் பழசு" என்றார். அதுதான் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. அவளுக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பொய்யும் சொல்லி அவள் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

புக்கானன் தெருவில் அவர்களுடைய பலகாரக் கடை இருந்தது. முன்பக்கத்தில் ஜப்பான்காரர்களுக்கான அரிசி மாவுப் பண்டங்கள். பின்பக்கத்தில் நீளக் கைப்பிடி வைத்த இரும்பு அச்சுகள் பதினாலு, அதில் சீட்டு பிஸ்கெட். சீட்டு பிஸ்கெட்டை ஜப்பான்காரர்கள் யாரும் வாங்க மாட்டார்கள். அது முழுக்கச் சீனர் வட்டாரமான சைனாடவுன் உணவகங்களுக்குப் போகும். அங்கே சாப்பிட வரும் வெள்ளைக்காரர்கள் அதை உடைத்து, உள்ளே இருக்கும் சீட்டைச் சத்தமாகப் படித்துச் சிரித்துவிட்டு, சீனாவிலிருந்து வந்த பண்டம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அந்த நினைப்பைச் செய்பவர்களும் திருத்தவில்லை, விற்பவர்களும் திருத்தவில்லை.

சீட்டில் வரும் வாசகங்களை எழுதியது அவர்களுடைய ஒரே மகள் மிட்சுயே. தெய்கிச்சிக்கு ஆங்கிலத்தில் கடைப் பெயரும் விலாசமும் மட்டும்தான் எழுத வரும். ஆரம்பத்தில் யாரோ ஒரு பாதிரியார் கொடுத்த நாட்காட்டியிலிருந்து புத்திமதிகளை அச்சடித்துக்கொண்டிருந்தார். மிட்சுயேவுக்குப் பதினாலு வயதானபோது, "அப்பா, இதைப் படிச்சா சாப்பிட்டது ஜீரணமாகாது. நான் எழுதறேன்" என்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாவு சிந்திய மேஜையில் உட்கார்ந்து எழுதுவாள். எழுதினதை ஜப்பானிய மொழியில் அப்பாவுக்குச் சொல்வாள். அவர் சிரித்தால் அது அச்சகத்துக்குப் போகும், வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சாகும். சிரிக்காவிட்டால் அடுப்புக்குப் போகும்.

போர் வந்தது. நாற்பத்தொன்றாம் வருஷம் டிசம்பர் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஹவாய் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அன்று சாயங்காலமே அரசாங்க ஆட்கள் வந்து தெருவில் இரண்டு வீட்டு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சைனாடவுன்காரர்கள் சட்டையில் 'நான் சீனன்' என்று வட்ட பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். பிஸ்கெட்டுக்கு ஆர்டர் ஒரே நாளில் நின்றுபோனது. தெய்கிச்சி அச்சுகளுக்கு எண்ணெய் தடவித் துணி சுற்றி வைத்தார். ஜனவரி ஒன்றுமில்லாமல் கழிந்தது. அப்படியே தப்பிவிடலாம் என்று கிகுனோ நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் தொப்பியைக் கழற்றவில்லை. உயரமானவர் சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு சீட்டை இரண்டு விரலால் பிடித்து வெளியே எடுத்தார். சின்னச் சீட்டு. அந்த நீளத்தையும் அகலத்தையும் பார்த்ததுமே அது தங்கள் கடைச் சீட்டு என்று கிகுனோவுக்குத் தெரிந்தது. படிக்கத் தெரியாது.

"இதைப் படி" என்று மிட்சுயேவிடம் நீட்டினார்.

மிட்சுயே படித்தாள். படித்துவிட்டு நிமிரவில்லை.

"உங்க அப்பாகிட்ட சொல்லு. இது இங்கேதானே அச்சானது? டிசம்பர் மூணாம் தேதி, சைனாடவுன்ல ஒரு அம்மா சாப்பிடும்போது கிடைச்சிருக்கு. யார் எழுதினதுன்னு கேளு."

மிட்சுயே அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா... இதுல, 'வரும் ஞாயிறு காலை, பெரிய செய்தி ஒன்று உன் வாசலில் விழும்'னு இருக்கு." அவள் குரல் நடுவில் உடைந்தது. "யார் எழுதினதுன்னு கேக்கறாங்க. அப்பா, இதை நான்..."

தெய்கிச்சி மகளின் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தார். உடனே அந்த மனிதரைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "நான். நான் எழுதினது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

உயரமானவர் ஒரு பென்சிலை நீட்டினார். "எழுதிக் காட்டு."

தெய்கிச்சி கடைப் பெயரையும் விலாசத்தையும் எழுதினார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. அதற்கு மேல் கை ஓடவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குட்டையானவர் சொன்னதைக் கேட்டு மிட்சுயேவின் முகம் வெளுத்தது. அவர் சொன்னது இதுதான்: "இவனுக்கு எழுத வராது. யாரோ எழுதிக் கொடுத்து இவன் அச்சடிச்சிருக்கான். அந்த யாரோ யாருன்னு கண்டுபிடிக்கணும்."

கடையிலிருந்த சீட்டுகள் அத்தனையையும் இரண்டு மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டார்கள். தெய்கிச்சி குனிந்து ஷூ போட்டார். நிமிராமலேயே, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, ஜப்பானிய மொழியில் மனைவியிடம் சொன்னார்:

"பொண்ணு வாயைத் திறக்கக் கூடாது. பார்த்துக்கோ."

அவரை ஏற்றிக்கொண்ட கார் தெருமுனையில் திரும்பும் வரை தாயும் மகளும் வாசலில் நின்றார்கள். உள்ளே வந்ததும் மிட்சுயே கோட்டை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"அவங்க ஆபீசுக்கு. நான்தான் எழுதினேன்னு சொல்லப் போறேன். நான் இங்க பொறந்தவம்மா. குடிமகள். என்னை என்ன பண்ணிடுவாங்க?"

"ஷூவைக் கழட்டு."

"அம்மா, அப்பா பொய் சொல்லி மாட்டிக்கிட்டாரு. யாரோ உளவாளி எழுதிக் கொடுத்தான்னு நினைக்கறாங்க. நேரமாக ஆக மோசமாயிடும்."

"நீ போய்ச் சொன்னா மட்டும்? முதல்ல அப்பன் பொய் சொன்னான், இப்போ பொண்ணும் சேர்ந்து நாடகமாடறான்னு ரெண்டு பேரையும் வெச்சுக்குவாங்க. ஷூவைக் கழட்டுடி!"

மிட்சுயே அசையவில்லை. கிகுனோ கீழே உட்கார்ந்து, மகளுடைய காலைப் பிடித்து, தானே ஷூவைக் கழற்றினாள். இரண்டையும் கொண்டுபோய்க் காலி மாவுப் பீப்பாயில் போட்டு மூடியை அடித்து இறுக்கினாள். பத்தொன்பது வயதுப் பெண் வெறுங்காலோடு கூடத்தில் நின்று அழுதாள். அழுது முடித்ததும் கிகுனோ கேட்டாள்:

"அப்படி என்னத்தைடி எழுதினே? எதுக்கு எழுதினே?"

"பேப்பர் பத்திம்மா." மிட்சுயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயிற்றுக்கிழமை பேப்பர் தடியா இருக்கும்ல? பையன் தூக்கி எறிவான், தொம்முன்னு வாசல்ல வந்து விழும். அதைத்தான் கேலியா எழுதினேன். ஒன்பதாவது படிக்கறப்ப. அப்பாகூட விழுந்து விழுந்து சிரிச்சாரு."

கிகுனோவுக்கு அவர் சிரித்தது ஞாபகம் வந்தது. எதற்கென்றுதான் அப்போது தெரியாது.

பிறகு வந்த வாரங்கள் நகரவே இல்லை. அயல்நாட்டுக்காரர்கள் எல்லோரும் மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிகுனோ வரிசையில் நின்றாள். எழுத்தர் அவள் விரலை மையில் உருட்டி அட்டையில் அழுத்தினார். கருப்புக் கறை மட்டும் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மூன்றாவது தடவை அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பின்னால் நின்ற சலவைக்கடைப் பெண்மணி, "அக்கா, ரேகையை அழிச்சிக்கிட்டு வந்திருக்கான்னு நினைக்கப் போறாங்க" என்று காதுக்குள் சொன்னாள். கிகுனோ கையை விரித்துப் பழைய தீக்காயங்களைக் காட்டினாள். எழுத்தர் மற்ற விரல்களின் ரேகையை எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.

மார்ச் கடைசியில் மிஸ் ஹாட்லி வந்தாள். மிட்சுயே சின்ன வயதில் போன, தேவாலயத்து ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியின் ஆசிரியை. ஜப்பானிலும் சில வருஷம் இருந்தவள் என்பதால் கிகுனோவுடன் அவர்கள் மொழியிலேயே பேசுவாள். தெய்கிச்சியை நகரத்துக்குள்ளேயே ஒரு கட்டிடத்தில் வைத்திருந்தார்கள். அவரைப் பார்க்க அவளுக்கு மட்டும் ஒரு தடவை அனுமதி கிடைத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை விசாரணை. மூணு பேர் உட்கார்ந்து கேப்பாங்க. வக்கீல் கிடையாது. நான் காகிதம் ஏதாவது இருந்தா கொடுக்கலாம், அவ்வளவுதான்" என்றாள். "அவர் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றார். நான் எழுதினேன், நான் எழுதினேன்னு. அந்த வாசகம் போருக்கு ரொம்ப முன்னாடியே அச்சானதுன்னு காட்ட முடியுமா? காட்டிட்டா யார் எழுதினாங்கங்கற கேள்வியே அடிபட்டுப் போயிடும்."

"எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டுப் போயிட்டாங்களே" என்றாள் கிகுனோ.

"அச்சகத்துல?"

"அச்சகக்காரரையும் பிடிச்சிட்டாங்க. கதவுல சீல்."

கிகுனோவுக்கு ஓர் இடம் ஞாபகம் வந்தது. சைனாடவுனில் லோ கம்ஃபாயின் உணவகம். வியாழக்கிழமை தோறும் பிஸ்கெட் தகரங்களை அவள்தான் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். பணப்பெட்டிக்குப் பின்னால் ஒரு சுவர் முழுக்கச் சீட்டுகள். சாப்பிட்ட வெள்ளைக்காரர்கள் தங்களுக்கு வந்த சீட்டின் பின்பக்கத்தில் பேரும் ஊரும் தேதியும் எழுதி, குண்டூசியால் அங்கே குத்திவிட்டுப் போவது வழக்கம். எத்தனையோ வருஷத்துச் சீட்டுகள், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக.

"அந்தச் சுவர்ல இருக்கும்" என்றாள்.

"அங்க நீங்க போக முடியாதும்மா" என்றாள் மிட்சுயே.

மறுநாள் தாயும் மகளும் போனார்கள். ஜப்பான்காரர்கள் ஐந்து மைலுக்கு மேல் போகக் கூடாது, இருட்டுவதற்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அந்த வாரம்தான் கட்டளை போட்டிருந்தார்கள். சைனாடவுன் இரண்டு மைல்கூட இல்லை. டிராமில் கிகுனோ ஜன்னலோரம் உட்கார்ந்து, கழுத்துத் துணியைத் தலைக்கு மேல் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். தெருவில் இறங்கியதும் மீன்கடைக்காரன் ஒருவன் இருவரையும் மேலும் கீழும் பார்த்தான். கழுத்துப்பட்டையில் பேட்ஜ் இல்லாததை அவன் கவனித்துவிட்டான் என்று மிட்சுயேவுக்குப் புரிந்தது. நடையை வேகப்படுத்த நினைத்தாள். அம்மா அவள் முழங்கையைப் பிடித்து, "ஓடாதே. கடைக்குப் போறவ மாதிரி நட" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. லோ கம்ஃபாய் பணப்பெட்டிக்குப் பின்னால் நின்று தேநீர்க் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மெலிந்த மனிதர், மார்பில் பேட்ஜ். கதவு திறக்கும் சத்தத்துக்குச் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர், யாரென்று தெரிந்ததும் துணியைக் கீழே வைத்தார். அவருக்கும் கிகுனோவுக்கும் தெரிந்த ஆங்கிலம் அரைகுறைதான். பன்னிரண்டு வருஷமாக அந்த அரைகுறையிலேயே வியாபாரம் நடந்திருந்தது.

"போ. வெளியில போ."

"முதலாளி, ரெண்டே நிமிஷம். அந்தச் சுவர்ல ஒரு சீட்டு..."

"உன் சீட்டால வந்த வம்பு போதாதா? அவங்க முதல்ல என்கிட்டதான் வந்தாங்க. எங்க வாங்கினேன்னு கேட்டாங்க. உன் புருஷன் பேரைச் சொன்னேன். சொல்லாம?"

"சொன்னதுல தப்பில்ல முதலாளி."

"தப்பில்லையா! நீ எனக்கு நல்லவன்னு பேர் கொடுக்க வந்தியா?" அவர் குரல் உயர்ந்தது. "என் தம்பி சீனாவுல, கான்டன்ல செத்தான். குண்டு போட்டது யாரு? உங்க ஆளுங்க. நாலு வருஷமாச்சு. அதுக்கப்புறமும் உன்கிட்ட வாங்கினேன். எதுக்கு? பிஸ்கெட் இல்லேன்னா வெள்ளைக்காரன் பக்கத்துக் கடைக்குப் போறான், அதுக்காக. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீ தகரத்தை வெச்சிட்டுப் போனப்புறம் நான் கை கழுவுவேன், தெரியுமா?"

கிகுனோ தலை குனிந்து நின்றாள். இப்படித்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேதான் வந்திருந்தாள். கெஞ்சுவதற்கு வாசகங்களைக்கூட டிராமில் தயார் செய்து வைத்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"முதலாளி, அந்தச் சீட்டு சதின்னு அவங்க எழுதிட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. என் வீட்டுக்காரர் உள்ள போயிடுவாரு. அதுக்கப்புறம் என்ன கேப்பாங்க? அதைத் தட்டுல வெச்சு மேஜை மேஜையா கொண்டுபோனது யாருன்னு கேக்க மாட்டாங்களா? உங்க தட்டு. உங்க மேஜை. அது சதின்னா, அதுல உங்க பங்கும் இருக்கே."

"அம்மா!" என்றாள் மிட்சுயே.

லோ கம்ஃபாய் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அந்த மனிதர் பயப்படுவதைக் கிகுனோ கண்ணெதிரே பார்த்தாள். புக்கானன் தெருவில் எல்லோர் முகத்திலும் இரண்டு மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே பயம். அதைத் தானே ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தும் அவள் பின்வாங்கவில்லை.

அப்போது கதவு திறந்தது. மூடுபனியில் நனைந்த கோட்டோடு ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்தார். தெருவைச் சுற்றும் ஆள். மதியம் அங்கேதான் சாப்பிடுவார்.

"என்ன லோ, சத்தமா இருக்கு?"

ஒரு வார்த்தை போதும். அந்தக் கிழவர் விரலை நீட்டிச் சொன்னால் முடிந்தது.

லோ கம்ஃபாய் கீழே குனிந்து வாளியிலிருந்து ஈரத்துணியை எடுத்துக் கிகுனோவின் மேல் எறிந்தார். "சுவரைத் துடைக்க வந்தவங்க சார். ஒரு வேலையும் ஒழுங்கா செய்ய மாட்டாங்க. கத்தாம என்ன செய்யறது!" என்றார். பிறகு அவர்களைப் பார்த்துக் கை ஆட்டினார். "பார்த்துக்கிட்டு நிக்கறே! போ, அழுக்குக் காகிதத்தை எல்லாம் எடு!"

இருவரும் பணப்பெட்டியைச் சுற்றிக்கொண்டு சுவரிடம் போனார்கள். கிகுனோ குண்டூசிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். மிட்சுயே ஒவ்வொரு சீட்டாக வாங்கி, முன்பக்கம் படித்து, பின்பக்கம் பார்த்து, பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியில் போட்டாள். முதுகுக்குப் பின்னால் போலீஸ்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"சொந்தக்காரங்களா?"

"மச்சினி. அது அவ பொண்ணு. ஸ்டாக்டன்லேர்ந்து வந்திருக்காங்க."

"பேட்ஜ் எங்க?"

மிட்சுயேவின் கை அந்தரத்தில் நின்றது. லோ கம்ஃபாய் பணப்பெட்டியைச் சுற்றி வந்தார். தன் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி, அவள் கழுத்துப்பட்டையில் குத்தினார். அவர் விரல்கள் வேண்டுமென்றே முரட்டுத்தனமாக இருந்தன. ஊசி அவள் தோலைக் கீறியது. "சமையல்கட்டுல கழட்டி வெச்சிட்டு வந்திடறாங்க சார். எத்தனை தடவை சொல்றது!"

"போட்டுக்கணும் பொண்ணே" என்றார் போலீஸ்காரர். நல்லவிதமாகத்தான் சொன்னார். "இப்பல்லாம் ஜப்பான்காரின்னு நினைச்சு எவனாவது கல்லால அடிச்சிடுவான்."

மிட்சுயே திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்.

அவர் நூடுல்ஸை மெதுவாகச் சாப்பிட்டார். அவ்வளவு மெதுவாக ஒருவர் சாப்பிட்டு அவர்கள் பார்த்ததில்லை. சுவரில் மேல் வரிசை தீர்ந்து இரண்டாவது வரிசையும் பாதி முடிந்தபோது அந்த வாசகம் மிட்சுயேவின் கைக்கு வந்தது. சீட்டைத் திருப்பினாள். 'டெய்சி, ரால்ஃப். ஒமாஹா. ஜூன் 1937.' அதைப் பெட்டியில் போடாமல் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டாள். கிகுனோ கேட்கவில்லை. மகளுடைய காதுமடல் சிவந்ததைப் பார்த்தே தெரிந்துகொண்டு, வேகத்தைக் கூட்டாமல், அடுத்த ஊசியைப் பிடுங்கினாள். மூன்றாவது வரிசையில் இன்னொன்று, 1938. கடைசிக்கு முந்தைய வரிசையில், எண்ணெய்ப் புகையில் மஞ்சளாகிப்போய், மூன்றாவது: 1940, ஒரு கல்லூரிப் பையனின் கிறுக்கல்.

போலீஸ்காரர் பிஸ்கெட்டை உடைத்தார். "லோ! இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே!"

"புது ஆளு சார் செய்யறான். சீட்டு வைக்க மறந்திருப்பான்."

அந்த நிலைமையிலும் கிகுனோவின் கண் மேஜைப்பக்கம் போனது. மடிப்பு விரிந்து, ஓரம் கருகியிருந்தது. அச்சு அளவுக்கு மேல் சூடாகிவிட்டிருக்கிறது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

போலீஸ்காரர் கிளம்பிப்போய்க் கதவு மூடியது. லோ கம்ஃபாய் மிட்சுயேவிடம் உள்ளங்கையை நீட்டினார். அவள் பேட்ஜைக் கழற்றி வைத்தாள். கிகுனோ துணியை மடித்து வாளியின் விளிம்பில் போட்டுவிட்டுத் தாழக் குனிந்து வணங்கினாள்.

"நில்லு" என்றார் அவர். "மூணு துண்டுக் காகிதம். நீங்களே நேத்து எழுதிக்கிட்டு வந்தீங்கன்னு சொன்னா என்ன பண்ணுவே?"

உணவகப் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். பேனாவை மையில் தொட்டு எழுதினார். தேதி குறித்த மூன்று சீட்டுகளும் அந்தந்த வருஷத்திலிருந்து தன் கடைச் சுவரில் இருந்தவை. தன் கையால் கொடுத்த பிஸ்கெட்டிலிருந்து வந்தவை. கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையைக் குத்தி, ஊதிக் காயவைத்தார்.

"முதலாளி, நான் அப்படிப் பேசினது..."

"பேசாதே. நீ சொன்னது எனக்கும் இந்த ரெண்டு மாசமா தூக்கமில்லாம சுத்திக்கிட்டிருந்த விஷயம்தான். அதை நீ வந்து சொன்னே பாரு, அதான்." தாளை மேஜையில் தள்ளினார். "எடுத்துக்கிட்டுப் போ. இந்தத் தெருவுக்கு இனிமே வராதே."

திரும்பும் வழியில், டிராமில் மிட்சுயே சொன்னாள்:

"அம்மா, நீங்க அவரை மிரட்டினீங்க."

"ஆமா."

"அவர் நம்மளைக் காட்டிக் கொடுத்திருக்கலாம்."

"கொடுத்திருக்கலாம்." கிகுனோ ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "இன்னொரு தடவை போகணும்னாலும் அதைத்தான் சொல்லுவேன். அதுக்காக அது சரின்னு ஆயிடாது. உங்க அப்பாகிட்ட இதைச் சொல்லாதே."

வெள்ளிக்கிழமை மிஸ் ஹாட்லி மூன்று சீட்டுகளையும் தாளையும் கொண்டுபோனாள். உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. மூன்று பேரில் ஒருவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை பேப்பர்!" என்று சிரித்ததாக மட்டும் அவள் சொன்னாள். மற்ற இருவரும் சிரிக்கவில்லையாம். தீர்ப்பு அன்றே சொல்லப்படவில்லை. அடுத்த வாரம் தெய்கிச்சியை ரயிலேற்றி எங்கோ வடக்கே அனுப்பிவிட்டார்கள் என்ற செய்திதான் வந்தது. மிட்சுயே இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாவுப் பீப்பாய்க்குள் இப்போது ஷூ எதுவும் இல்லை. ஆனால் அவளும் எங்கும் கிளம்பவில்லை.

ஏப்ரலில் கம்பங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஜப்பான்காரர்கள் எல்லோரும், அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள் உட்பட, கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆறு நாள் அவகாசம். பதினாலு அச்சுகளையும் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். காவல் முகாமாக மாற்றியிருந்த குதிரைப் பந்தய மைதானத்தில் ஒரு லாயத்தைக் காட்டி, இதுதான் உங்கள் வீடு என்றார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. தாயும் மகளும் இரண்டு கட்டிலைப் போட்டுவிட்டு, மூன்றாவதையும் கேட்டு வாங்கி வந்தார்கள். பக்கத்து லாயத்துக்காரி, "உங்க வீட்டுக்காரர் வந்தப்புறம் கேட்டு வாங்கிக்கலாமே அக்கா, இடத்தை அடைக்குதே" என்றாள். கிகுனோ மூன்றாவது கட்டிலுக்கு விரிப்புப் போட்டாள்.

ஜூலையில், ஒரு மதிய நேரத்தில், வாசல் காவலர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். தெய்கிச்சி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு உள்ளே வந்தார். பாதியாக இளைத்திருந்தார். விடுதலை என்று சொல்ல முடியாது. குடும்பத்தோடு இருக்க அனுமதி, அவ்வளவுதான். அவரோடு வடக்கே போன அச்சகக்காரருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

மிட்சுயே ஓடிவந்து அவர் முன்னால் நின்றாள். "அப்பா, நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா உன் காலை உடைச்சிருப்பேன்" என்றார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றார்.

சில நாள் கழித்து அவர் மனைவியிடம் கேட்டார். "லோ எழுதிக் கொடுத்தான்னு ஹாட்லி அம்மா சொன்னாங்க. அவன் எப்படி ஒத்துக்கிட்டான்? நம்ம மேல அவ்வளவு கோபமா இருந்தவனாச்சே."

"நல்ல மனுஷன்" என்றாள் கிகுனோ.

"நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதணும்."

கடிதத்தை மிட்சுயே எழுதினாள். தெய்கிச்சி தன் கடைப் பெயரை ஆங்கிலத்தில் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தபாலில் போடுவதற்கு முன் கிகுனோ அதை வாங்கிக்கொண்டு போய், மகளிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டு, அடியில் 'மன்னிக்கவும்' என்று ஆங்கிலத்தில் கோணல்மாணலாக எழுதினாள். எதற்கு என்று மிட்சுயே கேட்கவில்லை. லோவிடமிருந்து பதில் வரவில்லை.

போர் முடிந்து அவர்கள் நகரத்துக்குத் திரும்பியபோது கடை இருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். தெய்கிச்சி வெள்ளைக்காரர்களின் வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டார். கிகுனோ ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் வேலையில் சேர்ந்தாள். மிட்சுயே சிகாகோவில் தட்டச்சு வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். சீட்டு பிஸ்கெட்டை இப்போது சைனாடவுனிலேயே செய்தார்கள், யந்திரம் வைத்து.

நாற்பத்தேழாம் வருஷம், மழைநாள் ஒன்றில், வேலை முடிந்து டிராமில் ஏறிய கிகுனோ நிற்க இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவர் அவளை முதலில் பார்த்திருக்க வேண்டும். எழுந்து நின்று, கையால் தன் இருக்கையைக் காட்டினார். லோ கம்ஃபாய். ரொம்பக் கூனிப்போயிருந்தார். அவள் மறுத்துத் தலையசைத்தாள். அவர் மறுபடி காட்டினார், கொஞ்சம் கோபமாக. அவள் உட்கார்ந்தாள். பேச வேண்டும் என்று வாயெடுப்பதற்குள் டிராம் நின்றது. அது அவர் இறங்க வேண்டிய இடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சைனாடவுனுக்கு இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது. அவர் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார்.